கிட்டுசாமி அழித்த பேர்

பர்வீன் டீச்சரிடம் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க வந்தவர்களிலேயே கிட்டுசாமிதான் வயதில் மூத்தவர். டீச்சருக்கு முப்பத்திரண்டு. அவருக்கு அறுபது நெருங்குகிறது. கோபத்திலும் அந்த வகுப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. கம்ப்யூட்டர் ஒரு தப்பைக் காட்டினால் போதும், வரப்புத் தகராறுக்கு வந்த பங்காளியிடம் பேசுவதுபோல் அதோடு மல்லுக்கு நிற்பார்.

திருப்பூரில் அவருக்கு எம்பிராய்டரி யூனிட் இருந்தது. டிசைன் போடுகிறவர்கள் மயில், கரைப்பூ என்று தங்கள் வாய்க்கு வந்த பேரை வைப்பார்கள். அந்தப் பேரைச் சொன்னதும் எந்த நூல், எந்தத் தையல் என்று மெஷினுக்குப் புரியவேண்டும். அதற்கான புரோகிராமைக் கிட்டுசாமி தானே எழுதிக்கொண்டிருந்தார். ஏன் இந்தப் பாடு, யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்கலாமே என்றால், "என்ற மெஷினுக்கு நாந்தானுங்க பேசக் கத்துக் குடுக்கோணும்" என்பார்.

அந்தப் புரோகிராமுக்கு உயிரே அதன் பேர் அட்டவணைதான். சி மொழி அதைத் தயாராகத் தராது, நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். வரிசையாக அறைகள் இருக்கும். ஒரு பேர் வந்தால் அதன் எழுத்துகளை ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் ஓர் எண் கிடைக்கும். ஹாஷ் என்பது அந்த அரைக்கிற வேலைதான். அந்த எண்ணுள்ள அறையில் பேரை உட்கார வைக்கலாம். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தால் அடுத்த அறை, அதிலும் இருந்தால் அதற்கும் அடுத்தது. தேடுவதும் இதே வழியில்தான். தன் எண் அறையில் தொடங்கி ஒவ்வொரு அறையாகக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். காலி அறை வந்துவிட்டால் ஆள் இல்லை என்று திரும்பிவிட வேண்டும்.

டீச்சர் சொல்லிக்கொடுத்ததைக் கிட்டுசாமி பிசிறில்லாமல் எழுதிவிட்டார். ஆர்டர் முடிந்த டிசைனின் பேரை அழிக்கிற பகுதி மட்டும் பாக்கி. அதையும் வெள்ளிக்கிழமை எழுதி முடித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் வீட்டில் வேறொரு வினை. ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் அவர் பேத்திக்குக் காதுகுத்து. பேத்தியை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை. மகன் தன் இஷ்டத்துக்கு ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்ட அன்றே, இந்த வீட்டில் அவன் பேரை எவரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர். போட்டோக்கள் பரணுக்குப் போயின. அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், "எனக்குப் பையன் இல்லீங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லுவார். ஆனால் பேத்தி பிறந்த சேதி வந்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி மாராத்தாளின் போனில் படம் வந்தால், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வருவார்.

"புள்ளைய இங்க தூக்கிட்டு வரச் சொல்லு. பாக்கறேன்" என்றார் காலையில்.

"யாரு தூக்கிட்டு வருவாங்க?"

"யாராச்சும் வரட்டும். அவன் வரக்கூடாது."

மாராத்தாள் காபி டம்ளரை ஓசைப்பட வைத்தாள். "பால் குடிக்கிற புள்ள தனியா பஸ் ஏறி வந்துருமாக்கும்! நான் நாளைக்குக் காலையில கெளம்பறேன். நீங்க வந்தாலும் செரி, வராட்டியும் செரி."

"எப்பத் திரும்புவே?"

"போனாத்தானுங்க தெரியும்."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. கிட்டுசாமிக்கு அது உறைத்தது. அதை வெளியே காட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பர்வீன் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் எவ்வளவு திணறினாலும் அவர்களுடைய கீபோர்டில் கைவைக்க மாட்டாள்.

"உங்க ஹாஷ் பொய் சொல்லுதுங்க, டீச்சர்."

"என்ன சொல்லுச்சுங்ணா?"

"இருக்கற புள்ளைய இல்லைங்குது."

சோதித்துப் பார்க்க டிசைன் பேர்களுக்குப் பதிலாக வீட்டு ஆட்களின் பேரைப் போட்டிருந்தார். புதிதாகப் புரோகிராம் எழுதுகிற எல்லாரும் செய்வதுதான். மச்சான் கருப்பணன் இருந்தார். பேத்தி இதழினி இருந்தாள். கட்டின மனைவி கடைசியில்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு முன்பே வீட்டு நாய் டைகர் அட்டவணையில் ஏறிவிட்டது.

கிட்டுசாமி 'இதழினி' என்று தட்டினார். 'இல்லை' என்றது திரை. 'டைகர்' என்று தட்டினார். 'இருக்கிறது' என்றது.

"பாத்தீங்களா? நாய் இருக்குதாமா, பேத்தி இல்லையாமா! இதையெல்லாம் ஒரு மெஷினுன்னு நம்பி..."

"எப்ப இருந்துங்ணா இப்படி?"

"ஒரு பேரை அழிச்சுப் பாத்தேன். அப்ப இருந்து."

"யாரு பேரை?"

கிட்டுசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது எதுக்குங்க? அழிக்கறதுக்குன்னே போட்ட பேரு."

டீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை. "எப்படி அழிச்சீங்க?" என்றாள்.

"சுத்தமா." குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "அந்தப் பேருக்கு வாங்கின மெமரியைத் திருப்பிக் குடுத்துட்டு, அறையைக் காலின்னு ஆக்கிட்டேன். அப்படி ஒருத்தன் இருந்தான்னு சொல்ல ஒரு தூசு தும்பு கெடையாது."

"அட்டவணை முழுசையும் அச்சடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க." பெருமை அப்படியே இறங்கிவிட்டது. "உள்ளதான் இருக்கறா. கண்ணுக்கு நல்லாத் தெரியறா. கூப்பிட்டா மட்டும் இல்லைங்குது."

சொல்லிவிட்டுத் திரையில் அந்தப் பேர்மேல் விரலை வைத்துத் தேய்த்தார். ஒரு புரோகிராமுக்காகக் கலங்குகிற மனிதரல்ல அவர். டீச்சர் வராந்தாப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, ஒரு உதவி. லேப் அசிஸ்டென்ட் தேவசகாயத்தைப் பாத்து பீரோ சாவி வாங்கிட்டு வாங்க. இந்த வராந்தாவுல நாலாவது அறையில இருப்பாரு. அங்க இல்லாட்டி அஞ்சாவது, அப்புறம் ஆறாவதுன்னு கேட்டுட்டே போங்க. ஆனா ஒண்ணு. நடுவுல காலி அறை வந்துதுன்னா திரும்பி வந்துருங்க. அதைத் தாண்டிப் போகக் கூடாது."

நான் என்ன கேட்கிறேன், இந்தப் பொண்ணு என்ன வேலை வைக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கிட்டுசாமி எழுந்து போனார். நாலாவது அறையில் இரண்டு பெண்கள் ஏதோ சர்க்யூட் போர்டில் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் இங்கே இல்லை என்றார்கள். ஐந்தாவது அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை. சுவரும் தரையும் துடைத்துவிட்டாற்போல் கிடந்தன. கிட்டுசாமி திரும்பி வந்தார்.

"ஆளு இல்லீங்க."

"நல்லாத் தெரியுமா?"

"அஞ்சாவது அறை காலி. ஆளு இல்ல. அவ்வளவுதானுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ஆறாவது அறைக் கதவைத் திறந்துகொண்டு தேவசகாயம் வந்தார். கையில் சாவிக்கொத்து. இந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கிட்டுசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னங்க டீச்சர் இது? ஆளு அடுத்த அறையிலதான் இருந்திருக்கறாரு!"

"நீங்க ஏன் அங்க போகலீங்ணா?"

"நீங்கதானே காலி அறையைத் தாண்டிப் போகக் கூடாதுன்னீங்க!"

"நீங்களும் உங்க புரோகிராமுக்கு அதையேதான் சொல்லியிருக்கீங்க."

கிட்டுசாமி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். மேலே கருப்பணன், அடுத்து தான் காலியாக்கிய அறை, அதற்கடுத்து இதழினி, அவளுக்குப் பின்னால் மாராத்தாள். பேத்தியின் பேரை அரைத்தால் கருப்பணன் அறை எண்தான் வரும், அவளைத் தேடுகிறவன் அங்கேதான் தொடங்கவேண்டும். அங்கிருந்து அடுத்த அறைக்கு வருவான். முன்னே அங்கே ஒருத்தன் இருந்தான், 'நான் இல்லீங்க, பக்கத்துல கேளுங்க' என்று அனுப்பிவைத்தான். இப்போது அனுப்பிவைக்க ஆளில்லை.

"செரி" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "காலி அறை வந்தாலும் நிக்காம போன்னு மாத்திடறேன்."

"அப்ப இந்த உலகத்துலயே இல்லாத பேருக்கும் உங்க புரோகிராம் எல்லாக் கதவையும் தட்டும்."

அவர் மெஷின்கள் அத்தனையும் ஒவ்வொரு தையலுக்கும் நின்று நின்று தட்டுவதை நினைத்துப் பார்த்தார். ஆகாது.

"அப்பச் செரி. பேத்தியை முன்னாடி கொண்டாந்துடறேன். அந்தக் காலி அறையில அவளை உக்கார வெச்சுட்டாப் போச்சு! அவன் எடம் எதுக்குச் சும்மா கெடக்கோணும்?"

டீச்சர் ஒதுங்கி நின்றாள். அவர் தடதடவென்று எழுதினார். ஓடவிட்டார். 'இதழினி' என்று தட்டினார். 'இருக்கிறது' என்றது.

"ஆஹா!" தொடையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டார். "வந்துட்டா பாருங்க என்ற தங்கம்! அவன் இல்லாமயே வந்துட்டா!"

"வீட்டம்மாவையும் ஒருக்காத் தேடிப் பாருங்ணா."

"அவ எங்க போகப் போறா?" என்று சிரித்துக்கொண்டே 'மாராத்தாள்' என்று தட்டினார்.

'இல்லை' என்றது திரை.

கிட்டுசாமியின் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடியும் எழுத்தெழுத்தாகத் தட்டினார். இல்லை. மாராத்தாளைத் தேடுகிற வழி பேத்தி இருந்த அறையில்தான் தொடங்கியது. பேத்தியைக் கிளப்பிக்கொண்டு வந்ததில் அந்த அறை காலியாகியிருந்தது.

 போனாத்தானுங்க தெரியும் என்று காலையில் மாராத்தாள் சொன்னது அவர் காதுக்குள் கேட்டது. ஐயோ, நிஜமாகவே போய்விடுவாளோ என்று பயந்தார். யாரிடமும் பயந்ததாக ஒப்புக்கொள்ளாத மனிதர், அந்த லேபில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பயந்தார்.

"அவளையும் ஒரு அறை முன்னாடி நகத்திடட்டுமா?" என்றார். சத்தம் குறைந்திருந்தது.

"நகத்தலாம். அப்படி எழுதறவங்களும் இருக்காங்க. அதுல தப்பில்லீங்ணா. ஆனா அவங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் இருந்தா அவரையும் பாக்கோணும். அவருக்கும் பின்னாடி இருக்கறவரைப் பாக்கோணும். யாரு எந்த அறைக்குன்னு வந்தவங்க, யாரை எதுவரைக்கும் நகத்தலாம்னு ஒவ்வொருத்தராக் கணக்குப் பாத்துட்டே போகோணும்."

"ஒருத்தன் போனதுக்காக ஊட்டுல இருக்கற அத்தனை பேரையும் எடம் மாத்தோணுமா?"

"காலியா விட்டுட்டா, ஆமாங்ணா."

டீச்சர் மேஜையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அந்த அஞ்சாவது அறைக் கதவுல ஏதாச்சும் எழுதிட்டு வாங்க. தேவசகாயம் ஆறாவது அறைக்குத் திரும்பி வந்துருவாரு. அவரைத் தேடி வர்றவங்க அதைப் படிச்சுட்டு அவருகிட்டப் போய்ச் சேரோணும். என்ன எழுதறதுங்கறது உங்க இஷ்டம்."

கிட்டுசாமி போனார். கதவில் 'காலி' என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்தார். கொஞ்சம் முன்னால் தன்னைத் திருப்பி அனுப்பியது இந்தச் சங்கதிதானே என்று உள்ளங்கையால் அழித்தார். 'யாரும் இல்லை' என்று எழுதினார். வேறு வார்த்தையில் அதேதான். அதையும் அழித்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள். நாலாவது அறையில் பற்றவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னங்க தாத்தா, இம்போசிஷனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வேறொரு நாளாக இருந்தால் அவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு அவர் காதில் விழவே இல்லை.

ஆறாவது அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எழுதினார்:

'இங்கே ஒருத்தர் இருந்தார். இப்போது இல்லை. அடுத்த அறையில் கேட்கவும்.'

திரும்பி வந்து உட்கார்ந்தார். முன்னே எழுதிய வரிகளை எடுத்துவிட்டு, அழித்த அறையைக் காலி என்று விடாமல், ஆள் இருந்து போன அறை என்று ஒரு குறி போட்டார். தேடுகிறவன் காலி அறையில்தான் நிற்கவேண்டும், குறி போட்ட அறையில் நிற்காமல் மேலே போகவேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தார். அவ்வளவுதான் வேலை. எல்லாப் பேரையும் முதலிலிருந்து ஏற்றி, அந்த ஒரு பேரை மறுபடி அழித்து, ஓடவிட்டார்.

'இதழினி' இருந்தாள். 'மாராத்தாள்' இருந்தாள். டைகரும் இருந்தது.

கிட்டுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை அது சாக்கில்லை, நிஜமாகவே நனைந்திருந்தது.

"இருந்தாலும் மனசு கேக்கலீங்க, டீச்சர்" என்றார். "அவ்வளவு பண்ணிட்டுப் போனவனுக்கு ஒரு அறையை ஒதுக்கி வெக்கோணுமா?"

"அந்தக் குறி அவருக்காக இல்லீங்ணா."

"பின்ன?"

"பின்னாடி இருக்கறவங்களுக்கு."

வெளியே யாரோ மோட்டார் பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். கிட்டுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் குறி போட்ட அறையைப் பார்த்தார்.

"அந்த அறை கடைசிவரைக்கும் அப்படியேதான் கெடக்குமா?"

"இல்லீங்ணா. புதுசா ஒரு பேர் வந்தா அங்க உக்காரலாம்."

"பழைய ஆளே திரும்பி வந்தா?"

"அவரும் உக்காரலாம். அவரு பேரை அரைச்சா முன்னாடி வந்த அதே எண்தான் வரும். நீங்க அழிச்சீங்கங்கறதுக்காக அது மாறாது."

கிட்டுசாமி கம்ப்யூட்டரை அணைத்தார். எழுந்து, சட்டையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். கதவுவரை போனவர் அங்கேயே நின்றார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்கு நானும் ஊட்டுக்காரியோட ஈரோட்டுக்குப் போலாம்னு இருக்கறேனுங்க, டீச்சர். பேத்திக்குக் காதுகுத்து. ஆனா அவன் ஊட்டு வாசல்ல போய் நின்னுட்டு, இத்தனைக்கும் அப்புறம், நான் என்னன்னு பேச்சை ஆரம்பிக்கறது?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்ணா" என்றாள் பர்வீன். "தேடறதே அதுல இருந்துதானே ஆரம்பிக்குது."